சரக்கு நடுக்கடலில் இருக்கும்போது வரி மாறினால் நஷ்டம் யார் தலையில்?

மதுரைப் பக்கம் வீட்டு உபயோகப் பொருளும் விளையாட்டுப் பொருளும் மொத்தமாக விற்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். இதுவரை சென்னை இறக்குமதியாளர்களிடம் வாங்கி விற்று வந்தவர், இனி சீனாவிலிருந்து தாமே ஒரு கன்டெய்னர் கொண்டுவர நினைக்கிறார். “இறக்குமதி வரியை அடிக்கடி மாற்றுகிறார்களே, அது என்னைப் போன்ற சிறிய வியாபாரியை எப்படிப் பாதிக்கும்? வரி கூடினால் அந்தத் தொகையை விலையில் ஏற்றி விற்றுவிடலாம்தானே, பிறகு ஏன் எல்லோரும் பதறுகிறார்கள்?” என்பது அவருடைய கேள்வி. இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். விலை பேசிய நாளுக்கும் சரக்கு கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் வரி மாறினால் அந்த வித்தியாசத்தைச் சுமப்பவர் யார்? அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

தூத்துக்குடியிலும் சென்னையிலுமாக 22 ஆண்டுகள் கிளியரிங் ஏஜெண்டாக இருந்து வருகிறேன். பொருளாதாரம் படித்தவன் அல்ல, வக்கீலும் அல்ல. பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத் துறையிடம் தரும் இறக்குமதிப் படிவம், சுருக்கமாக ‘பில்’) போட்டுச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆகவே எந்தத் தேதியின் வரி பொருந்தும், எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பவற்றை உறுதியாகச் சொல்வேன். கூடிய வரியில் எவ்வளவு பங்கு கடைசி வாடிக்கையாளர் வரை போகும் என்பதை அனுபவத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அரசு அடுத்து என்ன செய்யும் என்பது ஜோசியம். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் கணக்கு. நாம் பொதுவாக ‘வரி’ என்று சொல்வது ஒரே வரி அல்ல. அடிப்படைச் சுங்க வரி ஒன்று. அதன் மேல் பத்தில் ஒரு பங்காகச் சமூக நல மேல்வரி. சில பொருள்களுக்கு இடையில் வேளாண் கட்டமைப்பு செஸ்ஸும் வந்து உட்காரும். இவற்றையெல்லாம் சரக்கின் மதிப்போடு கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.) போடுவார்கள். இதில் ஐ.ஜி.எஸ்.டி. மட்டும் உங்கள் விற்பனை வரியில் கழிந்து பிறகு திரும்பி வந்துவிடும். மற்றவை வராது, சரக்கின் அடக்க விலையிலேயே ஒட்டிக்கொள்ளும். பொம்மையையே எடுத்துக்கொள்வோம். 2020 பிப்ரவரி 1 அன்று பட்ஜெட், மறுநாளே பொம்மைக்கான அடிப்படை வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகிவிட்டது. (2023இல் அது 70 ஆனது.) பத்து லட்ச ரூபாய் மதிப்புள்ள மின்சாரப் பொம்மைகள், ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பழைய வரியில் அடிப்படையும் மேல்வரியும் சேர்ந்து 2,20,000 ரூபாய். அதன் பிறகு ஐ.ஜி.எஸ்.டி. 2,19,600. துறைமுகத்தில் கட்ட வேண்டிய மொத்தம் 4,39,600. புதிய வரியில் 6,60,000மும் 2,98,800மும் சேர்ந்து 9,58,800 ஆகிறது. பத்து லட்சத்துச் சரக்கை வெளியே எடுக்க இன்னொரு ஒன்பதரை லட்சம் ரொக்கமாகக் கையில் வேண்டும்.

இந்த ரொக்கம்தான் புதிதாக வருபவர்கள் பார்க்கத் தவறும் இடம். சரக்குக்கான பணத்துக்கு வங்கியில் எல்.சி. (விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) வசதி வாங்கியிருப்பார்கள். வரிக்கு எந்த ஏற்பாடும் இருக்காது. பணம் புரட்டும் வரை கன்டெய்னர் கிடங்கில் நிற்கும். கிடங்கு வாடகை ஒரு பக்கம், கப்பல் நிறுவனத்தின் கன்டெய்னர் வாடகை இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். போட்ட பில்லுக்கு வரி கட்டத் தாமதமானால் 15 சதவீத வட்டி. நஷ்டத்தில் விற்றாலும் பரவாயில்லை என்று வெளியே எடுப்பதற்குக்கூடக் காசில்லாமல் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். லாபம் குறைவது அப்புறம். முதலில் மூச்சு முட்டுவது இங்கேதான்.

சரி, விலையை ஏற்றிவிடலாமே என்கிறீர்கள். பத்து லட்சத்துக்குப் பத்தாயிரம் பொம்மைகள் என்று வையுங்கள். ஒன்று நூறு ரூபாய். பழைய வரியில் அது 122 ரூபாயாக இறங்கும், புதிய வரியில் 166. நீங்களும் கடைக்காரரும் வழக்கமான விகிதத்தில் லாபம் வைத்தால் முன்பு 199 ரூபாய்க்கு விற்ற பொம்மை 270 ரூபாயாகிறது. சித்திரைத் திருவிழாக் கடையில் குழந்தையோடு நிற்கும் தகப்பனார் 199க்குக் கை நீட்டுவார். 270 என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். பொம்மையும் பிளாஸ்டிக் சாமானும் 99, 199, 499 என்ற விலைக் கட்டங்களில் விற்பவை. அடக்கம் எவ்வளவு ஏறினாலும் விலை அடுத்த கட்டத்துக்குத் தாவ முடியாது. ஆகவே இறக்குமதியாளர்கள் விலையைத் தொடாமல் பொருளைத் தொட்டார்கள். பொம்மை சிறுத்தது, பிளாஸ்டிக் மெலிந்தது, பெட்டிக்குள் இருந்த பேட்டரி காணாமல் போயிற்று. ‘வரியை வாடிக்கையாளர் தலையில் கட்டினார்கள்’ என்பது பல நேரங்களில் இப்படித்தான் நடக்கிறது. விலைச்சீட்டில் அது தெரியாது. சீனாவின் யிவு மொத்தச் சந்தைக்காரர் உங்களுக்காக விலையைக் குறைப்பாரா? ஆண்டுக்கு நூறு கன்டெய்னர் எடுப்பவருக்குக் கொஞ்சம் குறைப்பார். ஒரு கன்டெய்னர்காரருக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பார்.

இனி, எந்தத் தேதியின் வரி? இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நீங்கள் ஆர்டர் கொடுத்த தேதி கணக்கில்லை. எல்.சி. திறந்த தேதியும் கணக்கில்லை, ஷாங்காயில் சரக்கு ஏறிய தேதியும் கணக்கில்லை. உள்நாட்டு உபயோகத்துக்கான பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்த தேதியில் என்ன வரியோ அதுதான். ‘அப்படியானால் கப்பல் வருவதற்கு முன்பே பில் போட்டு வரியைப் பூட்டிவிடலாமே’ என்று உடனே தோன்றும். எல்லோருக்கும் தோன்றுகிறது. முப்பது நாள் முன்னதாகவே பில் போடவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு வால் இருக்கிறது. கப்பலுக்கு ‘என்ட்ரி இன்வர்ட்’ கொடுப்பதற்கு முன்பு போட்ட பில், அந்த என்ட்ரி இன்வர்ட் நாளில் போட்டதாகவே கருதப்படும். அதாவது கப்பல் வந்து, சுங்கத் துறை அதை உள்ளே ஏற்றுக்கொண்ட தேதியின் வரிதான் உங்களுக்கு. பில்லை முன்னதாகப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், வரி பூட்டப்படாது.

இந்த வால் எப்படி அடிக்கும் என்பதை 2024 செப்டம்பர் 13 அன்று இரவு பார்த்தேன். வெள்ளிக்கிழமை. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அதுவரை அடிப்படை வரி கிடையாது. 5 சதவீத செஸ்ஸும் அதன் மேல்வரியுமாக 5.5 சதவீதம்தான். அன்றிரவு வந்த அறிவிப்பு அடிப்படை வரியை 20 சதவீதமாக்கியது. செஸ்ஸோடு 25, மேல்வரி இரண்டரை, ஆக 27.5 சதவீதம், மறுநாள் முதல் அமல். எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு டேங்கர் கப்பலில் 500 டன் பங்கு இருந்தது. பில் போட்டு ஐந்து நாளாகியிருந்தது. கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு இடத்துக்காகக் காத்திருந்தது. இரவு பத்தரை மணிக்கு அவர் என்னை அழைத்தார். குரல் நிதானமாகத்தான் இருந்தது. “அண்ணாச்சி, கப்பல் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் நிற்கிறது. வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?” என்று கேட்டார். கண்ணுக்குத் தெரிவது சட்டத்துக்குப் போதாது என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. என்ட்ரி இன்வர்ட் சனிக்கிழமை காலையில் கிடைத்தது. ஒரு டன்னின் மதிப்பை 80,000 ரூபாய் என்று வைத்தால் 4,400 ரூபாய் வரி 22,000 ஆகிவிட்டது. டன்னுக்கு 17,600 வீதம் 500 டன்னுக்கு 88 லட்சம். அவர் அந்த எண்ணெயைப் பழைய வரிக் கணக்கில் ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தார் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரியவந்தது.

நேரக் கணக்கில் தப்பித்தவர்களும் உண்டு. அட்டாரி எல்லை வழக்கைச் சொல்லியாக வேண்டும். புல்வாமா தாக்குதலுக்கு இரண்டு நாள் கழித்து, 2019 பிப்ரவரி 16 அன்று, பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாப் பொருளுக்கும் 200 சதவீத வரி என்று மத்திய அரசு அறிவித்தது. அறிவிப்பு மின்னணு அரசிதழில் ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடி. அதே நாளில் அதற்கு முன்பே அட்டாரியில் சரக்கு வந்து இறங்கி, பில்லும் போட்டிருந்தவர்களிடமும் 200 சதவீதம் கேட்டார்கள். நாள் என்றால் முழு நாள்தான், அறிவிப்பு நள்ளிரவிலிருந்தே பொருந்தும் என்பது அரசின் வாதம். 2020 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மின்னணு முறையில் விநாடி வரை பதிவாகும் காலத்தில், அறிவிப்பு வெளியான நேரத்துக்கு முன் போட்ட பில்லுக்குப் பழைய வரிதான் என்று தீர்ப்பளித்தது. எங்கள் தொழிலில் பலரும் அதன் பிறகு பில் தாக்கலான நேரத்தையும் அச்சிட்டுக் கோப்பில் வைக்கத் தொடங்கினோம். ஆனால் தீர்ப்பு கைக்கு வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று என்பதையும் கவனியுங்கள். வழக்கில் ஜெயிப்பதும் வியாபாரத்தில் பிழைப்பதும் வேறுவேறு.

‘பாண்டில் போட்டு வைக்கலாமா’ என்று சிலர் கேட்பார்கள். வரி கட்டாமல் சுங்க அனுமதி பெற்ற கிடங்கில் சரக்கை வைத்து, வேண்டும்போது வரி கட்டி எடுக்கும் முறை அது. வரியைப் போல மூன்று மடங்குக்கு உறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 90 நாளுக்கு மேல் போனால் 15 சதவீத வட்டி ஓடும். இங்கேயும் அதே விதிதான். கிடங்குக்குள் போன நாளின் வரி செல்லாது, வெளியே எடுக்கப் பில் போடும் நாளின் வரிதான் செல்லும். ஆகவே வரி குறையும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது நல்ல இடம். கூடும் என்று பயப்படுபவர் இதில் வைத்தால் தானே கழுத்தை நீட்டுகிறார். அந்த 2024 செப்டம்பரில் ‘பணம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று பாண்டில் போட்டிருந்தவர்களும் 27.5 சதவீதம் கட்டித்தான் எடுத்தார்கள்.

ஒருவருக்கு நஷ்டமான அதே இரவு இன்னொருவருக்கு லாட்டரி. பழைய வரியில் வெளியே எடுத்த எண்ணெயைத் தொட்டியில் நிறைத்து வைத்திருந்தவருக்குச் சரக்கின் மதிப்பு தூங்கி எழுவதற்குள் கூடிவிட்டது. இது அரசுக்கும் தெரியும். அறிவிப்பு வந்த நாலாம் நாளே உணவுத் துறை எண்ணெய் நிறுவனச் சங்கங்களை அழைத்து, பழைய வரியில் வந்த சரக்கு ஏறத்தாழ 30 லட்சம் டன் கையிருப்பில் இருக்கிறது, 45 முதல் 50 நாளுக்குப் போதும், அது தீரும் வரை விலையை ஏற்றாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. மொத்த விலை அதற்காகக் காத்திருக்கவில்லை. இதை வெறும் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். பழைய விலைக்கு விற்றுவிட்டால் அடுத்த டன்னைப் புதிய வரியில் வாங்க அந்தப் பணம் போதாது என்பது எந்த வியாபாரிக்கும் தெரிந்த கணக்கு.

முன்கூட்டியே விற்றுவிட்ட எங்கள் வாடிக்கையாளருக்கு வருவோம். 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. விலை பேசி முடித்த பிறகு சுங்க வரி கூடினால் விற்பவர் அந்தக் கூடுதலை விலையில் சேர்த்துக் கேட்கலாம், குறைந்தால் வாங்குபவர் கழித்துக்கொள்ளலாம், ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாத வரை. அவருடைய ஒப்பந்தச் சீட்டு வேறு மாதிரித்தான் சொன்னது. “எல்லா வரிகளும் உட்பட, மாற்றமில்லாத விலை” என்று ஒரு வாக்கியம் அச்சாகியிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ அடித்துக் கொடுத்த படிவம், அவர் படித்துப் பார்த்ததே இல்லை. வாங்கியவர்களில் இருவர் பாதி ஏற்றுக்கொண்டார்கள். நாள்பட்ட உறவு. ஒருவர் சீட்டைக் காட்டி நின்றுவிட்டார். அவர் மீதும் எனக்குக் கோபமில்லை. வரி குறைந்திருந்தால் நம் ஆள் அந்த லாபத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பாரா?

இதைவிட விசித்திரமான ஒன்று 2025 மே மாதக் கடைசியில் நடந்தது. கச்சா சமையல் எண்ணெய்களின் அடிப்படை வரியை அரசு 20இலிருந்து 10 ஆகக் குறைத்தது. செஸ், மேல்வரியோடு 16.5 சதவீதம். சுத்திகரித்த எண்ணெயின் வரியில் கை வைக்கவில்லை, அது 35.75 சதவீதத்திலேயே இருந்தது. செய்தித்தாள்கள் ‘சமையல் எண்ணெய் வரி குறைப்பு’ என்று எழுதின. சுத்திகரித்த பாமோலினை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விருதுநகர்ப் பக்கம் பாக்கெட் போடுபவர்களுக்கு விற்றுவந்த ஒருவர் என்னிடம் வந்து, “என் வரி ஒரு பைசா மாறவில்லை, ஆனால் என் வியாபாரம் போய்விட்டது” என்றார். அவர் சொன்னது சரி. அதற்கு முன்பு கச்சா எண்ணெய்க்கும் சுத்திகரித்ததற்கும் வரி வித்தியாசம் 8.25 சதவீதம். 2024இல் வரி ஏறியபோதும் வித்தியாசம் அதே 8.25 ஆகத்தான் இருந்தது, இரண்டும் ஒரே அளவு ஏறின. இப்போது அது 19.25. கச்சா எண்ணெயை இறக்கி இங்கேயே சுத்திகரிப்பவர் அவரைவிட அவ்வளவு மலிவாக விற்க முடியும். அடுத்த சில மாதங்களிலேயே சுத்திகரித்த பாமாயில் வரத்து ஏறக்குறைய நின்றுபோனது. உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் கேட்டதும் அதைத்தான், அரசு நினைத்ததும் அதைத்தான். ஆகவே உங்கள் பொருளின் வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. அதன் உதிரிப் பாகத்துக்கு என்ன வரி, மூலப்பொருளுக்கு என்ன வரி என்றும் பார்க்க வேண்டும். பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கும் ஒருவர் நாளை உங்களைவிட மலிவாக வந்துவிடலாம்.

வரிக் குறைப்பு எல்லோருக்கும் நல்லதுதானே என்பதும் அவ்வளவு எளிதான பேச்சல்ல. பருத்திக்கு 2021 முதல் 11 சதவீத வரி (5 அடிப்படை, 5 செஸ், 1 மேல்வரி). நம் கோவைப் பக்கத்து நூற்பாலைகள் இதை நீக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2025 ஆகஸ்ட் 19 முதல் அரசு நீக்கியது, செப்டம்பர் 30 வரைக்கும். சுமார் 40 நாள். பிரேசிலிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ பருத்தி ஏறி தூத்துக்குடி வந்து இறங்க ஒன்றரை மாதம், சில சமயம் இரண்டு மாதமாகும். அன்றைக்கு ஆர்டர் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை சுவரில் மாட்டிய படம். ஏற்கெனவே கப்பலில் வைத்திருந்தவருக்கும் பாண்டில் வைத்திருந்தவருக்கும்தான் அது சோறு. பத்து நாளில் டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள், பிறகுதான் மற்றவர்கள் துணிந்து ஆர்டர் கொடுத்தார்கள். 2022லும் ஏப்ரல் 14 முதல் இதே சலுகை வந்தது. அப்போது உலகச் சந்தையில் பருத்தி விலை உச்சத்தில் இருந்தது. வரி இல்லை என்ற உற்சாகத்தில் மே மாதம் விலை பேசியவர்களுக்குச் சரக்கு வந்து சேரும்போது சந்தை மளமளவென்று சரிந்துவிட்டிருந்தது. 11 சதவீதம் மிச்சம் பிடிக்கப் போய் 30 சதவீதம் விட்டவர்கள் அவர்கள்.

தங்கம் இன்னும் சுருக்கமான கதை. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் வரி 15இலிருந்து 6 சதவீதமானது. வாங்க நினைத்தவர்களுக்குக் கொண்டாட்டம். கண்ணாடிப் பெட்டி நிறையப் பழைய வரி கட்டிய நகையை வைத்திருந்த கடைகளுக்கு இருப்பின் மதிப்பு ஒரே நாளில் இறங்கியது. பெரிய நிறுவனங்கள் அந்த நஷ்டத்தைக் காலாண்டுக் கணக்கில் வெளிப்படையாகவே காட்டின. வரி ஏறினால் கடலில் சரக்கு வைத்திருப்பவர் மாட்டுகிறார், இறங்கினால் கடையில் வைத்திருப்பவர் மாட்டுகிறார்.

வரி வித்தியாசம் பெரிதாகும்போதெல்லாம் பக்கவழிகள் முளைக்கும். 2024 வரி உயர்வுக்குப் பிறகு நேபாளத்திலிருந்து சுத்திகரித்த சோயா எண்ணெய் வெள்ளமாக வரத் தொடங்கியது. சோயா அங்கே அவ்வளவு விளைவதில்லை. வெளிநாட்டுக் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து, தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தப்படி வரியில்லாமல் இங்கே அனுப்பினார்கள். இது சட்டத்துக்கு உட்பட்ட வழி என்றாலும், எந்த நாட்டில் விளைந்தது, அங்கே எவ்வளவு வேலை நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பை 2020 செப்டம்பர் முதல் இறக்குமதியாளர் தலையிலேயே வைத்திருக்கிறார்கள். அனுப்பியவர் தரும் சான்றிதழ் மட்டும் போதாது. இன்னொரு பக்கவழியை உங்களுக்கு நிச்சயம் யாராவது சொல்லித் தருவார்கள்: பில்லில் மதிப்பைக் குறைத்துக் காட்டுங்கள், பொம்மையைச் சுங்கப் பட்டியலில் வேறு பொருளின் தலைப்பில் எழுதுங்கள் என்று. ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்றும் சேர்த்துச் சொல்வார்கள். வேண்டுமென்றே மறைத்ததாகக் கண்டால் ஐந்து ஆண்டு வரை பின்னோக்கி நோட்டீஸ் வரும், விட்டுப்போன வரியும் வட்டியும் அந்த வரிக்குச் சமமான அபராதமும் சேர்ந்து. அதற்குள் சொல்லித் தந்தவர் தொலைபேசி எண்ணை மாற்றியிருப்பார்.

அடுத்து வரி ஏறுமா இறங்குமா? தெரியும் என்று சொல்பவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். ஆனால் சில பொருள்களில் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று ஓரளவு ஊகிக்கலாம். சமையல் எண்ணெய் வரி எப்போதும் விவசாயிக்கும் குடும்பத் தலைவிக்கும் நடுவே ஆடும் ஊஞ்சல். 2024 செப்டம்பரில் சோயா அறுவடை வரப்போகிறது, சந்தை விலை அரசின் ஆதார விலையான குவிண்டாலுக்கு 4,892 ரூபாய்க்குக் கீழே கிடக்கிறது, மகாராஷ்டிரத்தில் தேர்தல் வேறு. வரி ஏறியது. எட்டு மாதம் கழித்து எண்ணெய் விலை வீட்டைச் சுட்டது, வரி இறங்கியது. பின்னால் பார்க்கும்போது இது பளிச்சென்று தெரிகிறது. அன்றைய வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்திருந்தால் எங்கள் வாடிக்கையாளர் வேறு முடிவு எடுத்திருப்பார். பொம்மை, பிளாஸ்டிக், மின்விளக்கு போன்றவற்றில் பொதுவாக ஒரே திசைதான். உள்நாட்டு உற்பத்தியை வளர்க்க வரியை உயர்த்துவார்கள், இறக்க அவசரப்படமாட்டார்கள். இது என் அபிப்பிராயம், விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கன்டெய்னருக்கு வருகிறேன். முன்பணம் அனுப்புவதற்கு முன் சுங்கப் பட்டியலில் உங்கள் பொருளுக்குரிய எட்டு இலக்கத் தலைப்பு எண்ணை ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைய வரி சலுகை அறிவிப்பில் நிற்கிறதா, நிற்கிறதென்றால் அது எந்த மார்ச் 31இல் முடிகிறது என்று கேளுங்கள். பிறகு இன்றைய அடிப்படை வரியோடு இன்னொரு இருபது சதவீதத்தைக் கூட்டி ஒரு கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கில் கை கடிக்கலாம், முதல் மூழ்கக்கூடாது. மூழ்கும் என்றால் பாதிக் கன்டெய்னரை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். ஜனவரிக் கடைசியில் கிளம்பும் கப்பலைத் தவிருங்கள், பட்ஜெட் நாளில் உங்கள் சரக்கு கடலில் மிதக்க வேண்டாம். முன்கூட்டியே விற்பதானால் ‘வரி மாறினால் விலையும் மாறும்’ என்று சீட்டில் ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் விளையாட்டுப் பொருள் என்று ஒரு சொல் இருக்கிறது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் பெற்ற தொழிற்சாலையில் செய்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்திய பொம்மைதான் உள்ளே வரலாம். அந்த உரிமத்தை வாங்க வேண்டியவர் சீனத் தொழிற்சாலைக்காரர், உங்களால் அவருக்காக வாங்க முடியாது. அவரிடம் அது இல்லையென்றால் எந்த வரி கட்டினாலும் சரக்கு வெளியே வராது. விலை பேசும் முன் முதலில் அந்த உரிம எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். வரிக் கணக்கைப் பிறகு உட்கார்ந்து போடலாம்.